இரண்டு மணித்தியால இடைவெளி

ஓல்டன் நிலையத்தின் பின்பக்கம்
ஒதுக்கி நிறுத்திய ரயில்பெட்டிகளைக்
கழுவி முடிக்கையில் காலை ஆறேகால்.
கையுறையைக் கழற்றுகிறேன்.
சில்லறைப் பைக்குள் பிராங்குகளோடு உரசி
விளிம்பு தேய்ந்த வெள்ளைக் குளிசை.
விழுங்கக் கூடாது, சப்ப வேண்டும்.
எலுமிச்சம்பழம் மணக்கும் சுண்ணாம்புக்கட்டி.
வீடு சேரும் மட்டும்
பல்லிடுக்கை விட்டுப் போகாது.

ஒரு நாளைக்கு மூன்று.
ஒரேயடியாய்ப் போட்டால் உடம்பு ஏற்காதாம்.
இரும்புக் குளிசையோடு சேர்க்கவும் கூடாதாம்,
நடுவில் இரண்டு மணித்தியாலமாவது வேண்டும் என்று
பச்சைக் கோடும் சிவப்புக் கோடும் இழுத்துக் காட்டினாள்
உணவு ஆலோசகி ஸ்பிண்டன்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
காணிச் சண்டைக்குப் பிறகு
என் இரண்டு மச்சான்மாருக்கும் இப்படித்தான்,
ஒருவரின் கார் தெருமுனையில் திரும்பிய பிறகே
மற்றவருக்குத் தேத்தண்ணி வைக்கிறேன்.

வயிற்றைக் கோழிமுட்டை அளவுக்குத் தைத்தார்கள்.
குடலை மடக்கி வேறு வழி போட்டார்கள்.
படம் கீறி விளங்கப்படுத்தினார் வைத்தியர்.
தண்டவாளங்களுக்கு நடுவே பதினாறு வருடம் நின்றவளுக்குப்
படம் தேவைப்படவில்லை.
இனி என் சாப்பாடு கடுகதி.
சில நிலையங்களில் நிற்காது.
கல்சியம் இறங்குகிற நிலையமும் அதிலொன்று.

"அப்ப உடம்பு எங்கேயிருந்து எடுக்கும்?"
"எலும்பிலிருந்து" என்றாள் ஸ்பிண்டன்.
"கேட்காது. நோகாது.
பத்து வருடம் போனபின்தான் தெரியும்."
இப்படி ஒரு சீட்டுக்காரரை
எனக்கு சூரிச்சில் தெரியும்.

நூற்றிப் பதினெட்டுக் கிலோ
எழுபத்தொன்பதாகிவிட்டது.
என்ன செய்தாய் என்று கேட்பவர்களுக்கு
"நடக்கிறன்" என்கிறேன்.
ஆரே ஆற்றங்கரையில், மழையென்றாலும்.
சனம் நம்பியது.
இரண்டு மூன்று பேர்
புதுச் சப்பாத்து வாங்கி நடக்கவும் தொடங்கினார்கள்.
அந்தப் பாவம் என்னோடு.

போன சனிக்கிழமை, துலிக்கன் மண்டபத்தில்
யாரோ ஒருவரின் ஐம்பதாவது பிறந்தநாள்.
என் தட்டில் மூன்று கரண்டி சோறு, அரை முட்டை.
"என்ன, கறி உறைப்போ?"
இல்லை இல்லை, நல்ல கறி, காலமை வடிவாச் சாப்பிட்டனான்.
மூன்று மணிக்குக் கைபேசி அதிர்ந்தது.
குனிந்து, சேலைத் தலைப்புக்குள் சப்பினேன்.
எதிர்வரிசையில் செங்கல் நிறச் சேலை ஒன்று
அதே நேரம் கைப்பையைத் திறந்து
வாயைப் பொத்திக்கொண்டு
மாடு மாதிரி அசைபோட்டது.
அங்கேயும் அரை முட்டை.

கை கழுவுகிற இடத்தில்
பக்கத்தில் வந்து நின்றாள்.
லாங்கென்தால் ஆள். பவளராணி.
எலுமிச்சம்பழம் மணந்தது.

"நீங்களும் நடக்கிறனீங்களோ?"

"ஓம்."

"கனதூரமோ?"

"ஒரு நாளைக்கு மூன்று தரம்."

குழாயை முழுதாய்த் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் சிரித்தோம்.
அவளுக்குக் கண்ணீர் வந்து மை கரைந்தது.
நாலு வருடமாம். அவளுடைய அக்காவுக்கே தெரியாதாம்.

வீட்டுக் கேத்தலின் அடியில்
இந்த ஊர்த் தண்ணீர் வெள்ளையாய்ப் படிகிறது.
யூரா மலைச் சுண்ணாம்பு.
மாதத்துக்கொருக்கால் வினாகிரி ஊற்றிச் சுரண்டி
ஊற்றுவாயில் கொட்டுகிறேன்.
கொட்டிவிட்டு
முப்பத்தேழு பிராங்குக்குச் சுண்ணாம்பு வாங்கப்
பார்மசிக்குப் போகிறேன்.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்களே,
எனக்கு வெண்ணெயை நிறுத்தியாயிற்று.

இரவு பத்தரைக்குச் செய்தி வந்தது.
"மூண்டாவது போட்டாச்சோ?"

இல்லை. இரும்பு இப்போதுதான் உள்ளே போயிருக்கிறது.
கடைசிப் பெர்ன் வண்டிகளின் சத்தம் கேட்கிறது.
இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம் என்று எழுதினேன்.

"சரி. நானும் முழிப்புத்தான்."