கறுப்பில் வெள்ளைக் கோடு

ஆலையில் எடைமேடை எனக்கு.
குலையோடு லோரி உள்ளே வரும்போது ஓர் எடை,
வெறுமனே வெளியே போகும்போது ஓர் எடை.
கழித்தால் மிஞ்சுவதைத்தான் நம்புவேன்.
வேறு வேதாந்தம் எனக்குத் தெரியாது.

ஆகவே மோட்டார் மக்கர் பண்ணியபோதும்
ஒரு நோட்டுப் போட்டேன்.

திங்கள்: எடுத்தது.
செவ்வாய்: எடுக்கவில்லை. இரவு மழை.
புதன்: எடுத்தது. இரவு அதைவிடப் பெரிய மழை.
வியாழன்: எடுக்கவில்லை. வானம் கழுவிய தட்டு.
வெள்ளி: பதினோரு உதை. பன்னிரண்டாவதில்
என்னவோ இரக்கப்பட்டதுபோல் எடுத்தது.

பச்சை விளக்கு எரியும். ஹார்ன் கத்தும்.
பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட்டர் சுற்றும், சுற்றும்,
பிளக்கில் மட்டும் பொறி இராது.

பாகாவ் சந்தைக்குப் பின்னால் ரொஸ்லான் பட்டறை.
ஒன்றரைக் கல் தள்ளிக்கொண்டு போவேன்.
அங்கே நிறுத்தியதும் முதல் உதையிலேயே எடுக்கும்.
ரொஸ்லான் என்னைப் பார்ப்பான்.
நான் மோட்டாரைப் பார்ப்பேன்.
மோட்டார் ரோட்டைப் பார்க்கும்.

பிளக் மாற்றினான், எட்டு வெள்ளி.
காயில், நாற்பத்தைந்து.
சிடிஐ பெட்டி, நூற்றிருபது;
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.
கழற்றியதைப் பையில் போட்டுக் கொடுத்தான்.
சமையலறை ஆணியில் தொங்குகின்றன,
தப்பே செய்யாமல் வேலை போனவை.

இருபத்திரண்டு வருச வண்டி, தள்ளிவிடு என்றான் தம்பி.
எலுமிச்சம்பழம் கட்டு என்றாள் பக்கத்து வீட்டுச் சத்தியவாணி.
கட்டினேன். அதையும் பதிந்தேன்:
எலுமிச்சை, பலனில்லை.

ஆலை வாசலில் காவலுக்கு ஹேம்ராஜ், நேப்பாளத்துக்காரன்.
ஒரு சாயங்காலம் கைகாட்டி நிறுத்தினான்.
'பாத்தோக்' என்றான், தன் நெஞ்சைத் தட்டி.
இருமுகிறதாம். எப்போது?
தடுப்புக் கட்டையைச் சுற்றி இறுக்கமாய் வளையும்போது.
ஒரே ஒரு தடவை. தினமும்.
எந்தப் பக்கம் என்றேன்.
இடது கையை நீட்டினான்.

அன்றிரவு நோட்டைப் புரட்டினேன்.
மழை, மணி, பெட்ரோல், எலுமிச்சை, எல்லாம் இருந்தது.
வண்டி எப்படி நின்றது என்று எழுதவேயில்லை.
தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே
சக்கரத்தை இடப்பக்கம் முழுக்க ஒடித்தால்தான் அடங்கும்.
பக்கத்து வீட்டு வேன் இல்லாத இரவுகளில்
வாசலிலேயே நேராக விட்டுவிடுவேன்.
பட்டறைக்கும் நேராகத்தானே தள்ளினேன்!

வாயில் டார்ச்.
முகப்பு மூடியின் திருகுகள் என் மடியில்.
கழுத்துக் குழாய் ஓரம் கம்பிக் கற்றை.
சிவப்பு நலம். பச்சை நலம்.
கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒன்று
உறை தேய்ந்து, அரிசி அளவு செம்பு காட்டியது.

ஓட்டுகிற கம்பி இல்லை அது.
சாவியை மூடும்போது இரும்பைத் தொட்டு
'நில்' என்று சொல்வது மட்டும்தான் அதன் உத்தியோகம்.
இடப்பக்கம் ஒடித்தால் சட்டத்தில் பட்டு,
சாவி திறந்திருக்கும்போதே சொல்லிவிடுகிறது.

சிடிஐ செருகியைப் பிடுங்கிவிட்டு,
வயர்மேன் கோகிலனிடம் இரவல் வாங்கிய மீட்டரின்
ஒரு முனையைக் கம்பியில், ஒரு முனையைச் சட்டத்தில் வைத்தேன்.
நேராக: சத்தமில்லை.
வலது: சத்தமில்லை.
இடது: கீச்.
நேராக. இடது, கீச். நேராக. இடது, கீச்.
பத்துத் தடவையாவது செய்திருப்பேன்,
தேவையே இல்லாமல், சந்தோஷத்துக்கு.

சைக்கிள் டியூப் துண்டு, கறுப்பு டேப், ஒரு கட்டு.
செலவுப் பத்தியில் எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் தொட்டி ஓரத்திலிருந்து, ஒடித்த சக்கரத்தோடே, எடுத்தது.
ஹேம்ராஜுக்கு ஒரு பொட்டலம் மீ கோரெங்.
வளையும்போது காதைச் சாய்த்துக் கேட்டான்,
போ என்று கையசைத்தான்.

நாற்பத்தோராம் நாள்: எடுக்கவில்லை.
கை தானாகவே திருப்புளியைத் தேடியது.
மூன்று திருகு கழற்றிய பிறகுதான்
டாங்கியை ஆட்டிப் பார்க்கத் தோன்றியது.

பெட்ரோல் இல்லை.
பதிந்துகொண்டேன்.