மூன்று மில்லிமீட்டர்

எட்டுக்கு நாலு.
ஒரு முனையில் இடுப்பளவு, மறுமுனையில் ஆளை விழுங்கும்.
சராசரி ஒன்றரை மீட்டர் என்று போட்டேன்.
நாற்பத்தெட்டாயிரம் லிட்டர்.
அதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற
ஐம்பத்தாறு யூனிட் வெப்பம்.

பல்லராட்டில் ஏப்ரல் கடைசி.
நேற்று மாலை இருபத்தெட்டு பார்த்துவிட்டுப் போனேன்.
இன்று காலை ஏழுக்கு
நீர் இருபத்தாறு, காற்று ஆறு.
குளத்தின் மேல் ஆவி,
உலைமூடியை யாரோ இப்போதுதான் எடுத்ததுபோல்.

பெவர்லி நான்கெர்விஸ் வந்து நின்றார்,
ரப்பர் செருப்பு, நீச்சலுடைக்கு மேல் கம்பளிக் கோட்டு.
"போன வருஷம் இப்படி இல்லை.
ஹீட்டர் செத்துக்கொண்டிருக்கிறது,
பெரிதாக ஒன்று போட்டுக் கொடு."

ஹீட்டர் சாகவில்லை.
தன் சக்திக்கு இரவெல்லாம் உழைத்துவிட்டு
முனகிக்கொண்டிருந்தது.

வெப்பம் எங்கே போகிறது என்றால்
எல்லோரும் தரையைக் காட்டுவார்கள்.
தரை கொஞ்சம்தான் குடிக்கும். சுவரும் அப்படித்தான்.
திறந்த முகத்தின் வழியேதான் அத்தனையும்.
தெளிந்த வானம் பார்த்தே எடுத்துக்கொள்ளும்,
காற்று தொட்டு எடுத்துக்கொள்ளும்,
மீதி, அதுதான் பெரும்பங்கு,
கிளம்பிப் போகிற நீரோடு போகும்.
போகிற நீர் தன் பங்கோடு போவதில்லை.
இருக்கிற நீரிடம் வாங்கிக்கொண்டுதான்
வாசலைத் தாண்டும்.

ஓட்டில் நேற்று போட்ட பென்சில் கோட்டுக்குக் கீழே
இறங்கியிருந்தது நீர்.
குனிந்து அளந்தேன். மூன்று மில்லிமீட்டர்.
ஏறக்குறைய நூறு லிட்டர், ஒரே இரவில்,
சத்தமில்லாமல்.

படிவத்தில் ஒரு கேள்வி:
காற்றுத் தடுப்பு முழுது, பாதி, இல்லை.
போன வருடத் தாளில் என் கையெழுத்திலேயே
"முழுது" என்று இருக்கிறது.
நிமிர்ந்து மேற்கே பார்த்தேன்.
பன்னிரண்டு சைப்ரஸ் நின்ற இடத்தில்
பன்னிரண்டு அடிக்கட்டைகள்,
அவற்றுக்கு மேல் தேவைக்கு அதிகமான வானம்.

"அவன் மரம், அவன் வெட்டினான்.
கூரைப் பலகைக்கு வெயில் வேண்டுமாம்."
அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.
மார்ச்சிலிருந்து பேச்சு இல்லை போலும்.

வேலி போடலாம் என்றேன்.
அவனுக்கு நான் வேலி போடுவதா என்றார்.
போர்வை விரிக்கலாம், இரவில் மட்டும்,
இழப்பில் பாதி நிற்கும் என்றேன்.
அதற்குப் பதில் உடனே வரவில்லை.

"ராத்திரி சமையலறை விளக்கை அணைத்தால்
தண்ணீர் தெரியும்.
அதைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.
அதன்மேல் பிளாஸ்டிக்கைப் போட்டு மூடச் சொல்கிறாயா?"

இப்படி ஒரு கட்டம் என் படிவத்தில் இல்லை.
தாளைத் திருப்பிப் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
பாதி என்றால் ஐம்பத்தாறு யூனிட் வெப்பம்,
ஹீட்டருக்குப் பதினாலு யூனிட் மின்சாரம்,
யூனிட் முப்பது காசு.
பார்ப்பதற்கு ஓர் இரவுக்கு
நாலு டாலர் இருபது.

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார்,
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு
ஆவிக்குள் இறங்கினார்.

அவர் இறங்கியதில் நீர்மட்டம் ஏறிப்
பென்சில் கோட்டை நனைத்தது.

புது ஹீட்டர் தேவையில்லை என்று எழுதினேன்.
எனக்கு அதில் கமிஷன் போயிற்று.
போர்வை: வாடிக்கையாளர் மறுத்தார்.
காற்றுத் தடுப்பு: இல்லை.

கோட்டை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.
மறுகரையிலிருந்து கையசைத்தார்,
இருக்கட்டும் என்று.