கடைசி நாற்பது

துபாயிலிருந்து மதுரைக்கு
நாலே மணி நேரம் தம்பி என்றார் தவசிலிங்கம்.
கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளிக்கொண்டார்.

பெருங்குடியில் ஒரு டீ.
கப்பலூர் டோல்கேட் தாண்டி இன்னொன்று.
திருமங்கலத்தில் சாக்லேட் வாங்கணும் என்று இறங்கி
வெறுங்கையோடு ஏறினார்.
சிந்துபட்டிக்கு முன்னால்
ஓரமா நிப்பாட்டு.

டிக்கியில் ஒற்றைப் பெட்டி.
தூக்கும்போதே தெரிந்தது,
பத்துக் கிலோ தேறாது.
ஆறு வருசத்துக்கு.

வீட்டிலிருந்து போன்.
"இன்னும் பிளைட்டே எறங்கல தாயி."
கருவேலத்துக்கு மேலே
ஒரு கொக்குகூட இல்லை.

வெயிட்டிங் சார்ஜ் நான் போடவில்லை.

பொழுது சாய,
உசிலம்பட்டி விளக்குகள் தெரிந்ததும்
கடிகாரத்தைக் கழற்றி
துபாய் நேரத்துக்கே திருப்பினார்:
"இந்தா, இன்னும்
ஒன்றரை மணி நேரம் கெடக்கு.
மெதுவாப் போ."