இற்றைப் பெறுமதி

கோப்பு நாற்பத்தொன்று:
மட்டக்குளியில் கால்வாயை நடந்து கடக்க
ஒரு பாலம். முப்பத்தெட்டு மீற்றர். இரும்புக் கைபிடி.
பயனைச் செலவால் வகுத்தால்
புள்ளி எட்டு ஏழு.
ஒன்றைத் தொடாதது திறைசேரிப் படி ஏறாது.

வகுத்ததில் பிழையில்லை.
மூன்றாம் முறை வகுத்துவிட்டு
தேநீர் ஆறும்வரை பார்த்திருந்தேன்,
எண் இரங்குமோ என்று.

பன்னிரண்டு வீதக் கழிவில்
இருபது வருடம் கழித்து வரும் நூறு ரூபாய்
இன்றைக்குப் பத்து ரூபாய்.
அன்றைக்கு அந்தப் பாலத்தில் ஓடப்போகிற பிள்ளை
என் மேசையில்
ஒரு டொபி.

நேரத்துக்கும் விலை வைத்திருக்கிறோம்.
காரில் போகிறவரின் மணி அறுநூற்றிருபது,
பஸ்ஸில் என்றால் நூற்றெண்பது.
நடக்கிறவர் 'ஏனையோர்' என்ற வரியில்,
அடிக்குறிப்போடு. அடிக்குறிப்பு காட்டும் சுற்றறிக்கையை
இதுவரை யாரும் கண்டதில்லை.

பின்னிணைப்பு நாலு, ஆள் எண்ணிய தாள்.
எண்ணியவர்: மிஸ்ரியா.
ஐந்தைந்தாய்க் கட்டிய கோடுகள், காலை ஆறு முதல் மாலை ஆறு.
ஓரத்தில் பென்சிலால், யாரும் கேட்காமலே:
"நான் வாறப்பவே சேறெல்லாம் மிதிபட்டுக் கெடந்திச்சு.
ஆறுக்கு முந்தியே நெறையப் பேர் போயிருக்காங்க."

பேலியகொடையில் மீன்பெட்டி தூக்குகிறவர்கள்,
ஆஸ்பத்திரித் தரை துடைக்கிறவர்கள்
மூன்று பீப்பாய் கட்டிய மிதவையில் கடந்தபோது
ஆய்வு இன்னும்
எழும்பியிருக்கவில்லை.

பணிப்பாளர் புஞ்சிஹேவா நல்ல மனுசன்.
"திரும்ப எண்ணலாம்தான்,
இரவுப்படியை எந்தத் தலைப்பில் போடுவது?"
அவர் கையில் கோப்பு நாற்பத்திரண்டு,
துறைமுகப் பக்கம் ஒரு மேம்பாலம், ஒன்று புள்ளி ஆறு.
வாகனம் வருடத்துக்கு ஏழு வீதம் பெருகும் என்று
யாரோ நம்பியிருக்கிறார்.
நம்பிக்கைக்கு நாங்கள் பின்னிணைப்பு கேட்பதில்லை.

'நிராகரிக்கப்பட்டது' முத்திரையை வைத்துவிட்டு
'தகவல் போதாது' முத்திரையை எடுத்தேன்.
அவ்வளவுதான் செய்தேன். அது மூன்று மாதம் வாங்கித் தரும்.

சனிக்கிழமை, விடிய நாலு மணி.
கால்வாய் நாற்றம், நுளம்பு, கைபேசி வெளிச்சத்தில் என் தாள்.
நூற்றுப் பதினேழாவது கோட்டில் மழை பிடித்தது.
மிதவைக்காரர் கயிற்றை இழுத்தபடி கேட்டார்:
"ஏறுறீங்களா, நிக்கிறீங்களா?"

ஏறினேன். இருபது ரூபாய்.
நடுவில் ஒரு ஆட்டம்,
பக்கத்தில் நின்ற பெண் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்,
சாப்பாட்டுப் பெட்டியை விடாமல்.

மறுகரையில் தாளை விரித்தேன், மை ஊறியிருந்தது.
நூற்றுப் பதினெட்டு என்று
என்னையும் எண்ணலாமா?
வழிகாட்டியில் அதற்கு
விதி இல்லை.