இருபத்தைந்து கிலோமீட்டர்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
என் வண்டிக்குப் பல் தேயத் தேய
வாய்தான் நீண்டது.
எழுபதில் ஒரு முனகல்.
எண்பதில் ஊளை.
ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்
ஊளை அடங்கி
யாரோ சரளைக்கல்லை மெல்லும் சத்தம்.

எண்பத்து நான்காம் வருடத்து ஷெவர்லே பிக்கப்.
லானிகன் பொட்டாஷ் சுரங்கத்தின் இரவு ஷிஃப்டுக்கு
என்னை ஏற்றிப்போய் இறக்கிவிடும் கிழடு.

டயல் கேஜும் பிரஸ்ஸும் வைத்திருப்பவன்
இந்தப் பக்கத்தில் ஒருவன்தான்,
எல்டன் ஃப்ரீசன்.
என் தங்கை மார்வாவின் கணவனாகப்
பதினோரு வருடம் இருந்தவன்.
"சனிக்கிழமை கொண்டு வா. பேரிங் மட்டும்
மலிவாக வாங்காதே" என்றான்.
அவளைப் பற்றி அவன் கேட்கவில்லை.
அவளிடம் நானும் சொல்லவில்லை.

பின் மூடியைக் கழற்றியதும்
கந்தக நெடியோடு
கறுப்பு எண்ணெய் தட்டில் சரிந்தது.
அடியில் வெள்ளித்தூள் மின்னியது.
விரலில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினான்:
"இதுதான் உன் ஊளை."

கிரவுன் வீல் போல்ட்டுகளுக்கு இடது மரை.
தெரியாதவன்
கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவான்,
தலை முறியும்வரை.
எல்டன் இதைச் சொன்னபோது
சிரிக்கலாமா என்று தெரியாமல்
ஸ்பேனரைத் துடைத்தேன்.

கிரவுனுக்கு நாற்பத்தொன்று, பினியனுக்குப் பதினொன்று.
ஒன்றையொன்று வகுக்காத எண்கள்.
அங்கே உள்ள அத்தனை பல்லையும் தொட்டுவிட்டுத்தான்
இங்குள்ள ஒரு பல்
முதலில் தொட்டதிடம் திரும்பும்.
பினியனை மட்டும் மாற்றினால் போதாதா,
பாதிக் காசு மிஞ்சுமே என்றேன்.
"தொழிற்சாலையிலேயே இரண்டையும் உரசவிட்டு
ஒரே எண்ணைப் பொறித்திருக்கிறார்கள், பார்.
இன்னொன்றோடு சேர்த்தால் கத்தும்."

மஞ்சள் பசை தடவிச் சுற்றினோம்.
தடம் பல்லின் ஓரத்தில் ஒதுங்கி விழுந்தது.
கழற்று.
காகிதம் போன்ற ஷிம் ஒன்றைச் சேர்.
பூட்டு. சுற்று.
இப்போது அடியில்.
கழற்று.
ஐந்தாம் முறை, மதியச் சாப்பாட்டை மறந்தபிறகு,
இருமல் மாத்திரை அளவில்
நடுவில் வந்து நின்றது.

டயல் கேஜில் எட்டு.
ஓர் அங்குலத்தை ஆயிரமாக நறுக்கி
அதில் எட்டுத் துண்டு இடைவெளி.
"இதுவும் இல்லையென்றால் சூடேறி வெந்துவிடும்.
கூடினால் மோதி நொறுங்கும்."
நான் வாயைத் திறந்தேன்.
"வேண்டாம், வெர்னா" என்றான்.
"இது கியர். வெறும் கியர்."

புதுப் பல்லுக்கு முதல் ஓட்டம்
இருபத்தைந்து கிலோமீட்டர், மெதுவாக.
பிறகு நிறுத்தி ஆறவிட வேண்டும்.
காது கொடுத்துக் கேட்க அவனும் ஏறிக்கொண்டான்,
பின் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி.

எழுபது. ஒன்றுமில்லை.
எண்பது. ஒன்றுமில்லை.
அறுத்த கனோலா வயலில்
குவில் ஏரிப் பக்கமிருந்து வெண்வாத்துகள் இறங்கின.
கண்ணாடி ஏற்றியிருந்தும் அவற்றின் கூச்சல் கேட்டது.
எட்டு வருடமாக இதே சாலையில்
அவற்றை வெறும் படமாகப் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் இருபத்துநாலைத் தாண்டியது.
இந்தச் சாலையில் இருபத்தைந்து எங்கே வந்து முடியும் என்று
நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை.
அல்லது, ஒருவர் யோசித்திருந்தோம்.

மார்வா கதவைத் திறந்தபோது
தலையில் பாதிதான் சாயம்.
தோளில் பழைய துண்டு, கையில் பிரஷ்.
"கல்லறைத் திருப்பத்திலேயே
உன் வண்டி எனக்குக் கேட்கும்.
கெட்டிலை வைக்க,
முகத்தைச் சரிசெய்ய நேரமிருக்கும்.
இன்றைக்கு என்ன, சத்தமே..."

என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

வண்டிக்கு அடியில் குனிந்து
ஆக்சிலில் கை வைத்து எடுத்து
மீண்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான் எல்டன்.
நிமிராமலே சொன்னான்:
"இன்னும் சுடுகிறது.
அரை மணியாவது ஆகும்."

நெற்றியில் வழிந்த சாயத்தைத்
துண்டால் ஒற்றியபடி உள்ளே போனாள்.
குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம்.
வாசல் கதவை
அவள் சாத்தவில்லை.