அட்டவணைக்கு வெளியே ஐம்பத்திரண்டு கிலோ

நூற்றைம்பதா, நூற்றறுபதா என்று
மூன்று வாரம் தூக்கம் கெட்டது.
மில்லிமீட்டர்தான். வித்தியாசம் பத்தே பத்து,
என் கட்டைவிரல் நக அகலம்.

சுருள்வில் வேண்டாம், கனம் என்றான் யெர்னேய்.
காற்று வேண்டாம், பனிக்காலத்தில் சுருங்கும் என்றாள் துன்யா,
கடைக் கணக்கைப் பார்ப்பவள்,
மலையிலிருந்து அவனுக்கு முன்னால் வந்து சேர்பவள்.
அண்ணனும் தங்கையும் வாதாடிக்கொண்டிருக்க
நான் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
பாட்டரி ஆலையில் ஒன்றரை மாதம்,
இரவு ஷிப்ட் படி சேர்த்து.
இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தேன்.

கடைசியில் வாங்கியது ஒருவர் ஓட்டியது.
நூற்றைம்பது, காற்று. கிடைத்தது அதுதான்.
ரவ்னேயில் ஃபெர்டோ என்று ஒரு ஆள்,
கதவை மறைக்கும் தோள், கேரேஜ் முழுக்க முயல்.
"திறந்ததே இல்லை, வாங்கினபடி இருக்கு."
பளபளக்கும் குழாய்களை நகத்தால் மேலும் கீழும் வருடினேன்.
எங்கும் தட்டவில்லை.
முன்னூற்று நாற்பது யூரோ.
ஒரு முயலும் எடுத்துக்கொள் என்றான்.
வேண்டாம் என்றேன்.

வீட்டில் பம்ப்பை மாட்டி அளந்தால்
முள் நூற்றுப்பத்தில் நின்றது.
வால்வை அமுக்கினேன்.
ஃபெர்டோ ஸ்ஸ்ஸென்று
சமையலறைக்குள் இறங்கிப் போனான்.

ஃபோர்க்கின் காலில் ஒட்டியிருந்த அட்டவணை
அறுபது கிலோவில் தொடங்குகிறது.
அதற்குக் கீழே யாரும் மலையிறங்குவதில்லை போலும்.
நான் ஐம்பத்திரண்டு.
ஹெல்மெட், முழங்கால் கவசம், ஷூ, முதுகுப்பையில் தண்ணீர்
எல்லாம் சேர்த்து ஐம்பத்தேழு.
இரண்டு ஆப்பிள் போட்டும் தேறவில்லை.

ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு
சுவரில் முழங்கை ஊன்றிப் பெடலில் எழுந்து நின்று
மூச்சடக்கி, பூனைபோல் இறங்கிப் பார்த்தேன்.
என்னைச் சுமக்கிற நினைப்பே அதற்கு இல்லை.
இன்னும் கொஞ்சம் காற்றை விட்டேன்.
இன்னும் கொஞ்சம்.
ஐந்தில் ஒரு பங்கு தணிந்தது. சரி.
ஆனால் ஓட்டினால்
கடைசி ஒரு சாண் எனக்குத் திறக்கவே இல்லை.
மூன்றாம் நாள் ஆலையில்
தேநீர்க் கோப்பையை இடக்கையால் தூக்கினேன்.

துன்யா மேல்மூடியைத் திருகிக் கழற்றினாள்.
உள்ளே மூன்று பிளாஸ்டிக் கட்டிகள்
ஒன்றன் கீழ் ஒன்றாக.
காற்றுக்கு இடம் குறைத்தால்
கனத்த உடம்பு அடியில் போய் மோதாது.
"திறந்ததே இல்லையாமா?"
மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.
சதுரங்கச் சிப்பாய்கள் அளவு கனம்.
இவ்வளவு பெரிய ஆள்
எவ்வளவு பயந்திருக்கிறான்.

இனி சிவப்புக் குமிழ்.
அமுங்கினது எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பது.
மெதுவாக வைத்தால்
ஒரு வேரிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்த வேர்,
அடுத்த வேர், அடுத்தது,
குனிந்தபடியே இறுகி மரக்கட்டையாகிவிடும்.
வேகமாக வைத்தால்
ஹேண்டில்பார் முகத்துக்கு வருகிறது.
ஒரு கிளிக், ஒரு இறக்கம்.
பிறகு தள்ளிக்கொண்டு மேலே.
ஏழு. எட்டு. பன்னிரண்டு (அதிகப்பிரசங்கித்தனம், உதடு கிழிந்தது).
பெட்சா மலைமேல் மேகம் உட்கார்ந்துவிட்டது.
ஸ்ப்ரூஸ் மரங்கள் ஈரத்தில் கறுத்தன.
பத்து.

ஒன்பதில்
வேர்கள் அங்கேயேதான் இருந்தன,
நான் பல்லைக் கடிக்க மறந்திருந்தேன்.

கீழே நின்று சேற்றை வழித்துப் பார்த்தேன்.
வளையம் மேலேறி
விளிம்புக்கு நான்கு மில்லிமீட்டர் மிச்சம் வைத்திருந்தது.
அவ்வளவு ஆழம் போயிருக்கிறேன்.
மேலே இருந்தவரை தெரியாது.

பேனாவை நாக்கில் நனைத்து
அறுபதுக்கு மேல் ஒரு வரி எழுதினேன்:
ஐம்பத்திரண்டு. காற்று நாற்பத்தாறு. ஒன்பது கிளிக். கட்டி இல்லை.
மழையில் அழியும். மறுபடி எழுதலாம்.

கட்டிகள் ஜன்னலோரம் கிடக்கின்றன.
ஃபெர்டோவிடம் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.
கொடுக்கப் போனால்
முயலைத் தருவான்.