பூண்டுக்கு எதுகை

எபநேசர் மெட்டு அனுப்பியிருக்கிறான்.
தாந்த தனதன தானே.
மூன்றாம் வளைவில் மட்டும்தான் சிக்னல்.
குளிரில் நின்று நாலு தடவை கேட்டுவிட்டுப்
பூம்பாறைக்கு இறங்கினேன்.

திருவிழாப் பாட்டு. முதல் சொல் பூண்டு.
ஊரே அதில்தான் சாப்பிடுகிறது, வேறென்ன வைக்க?

கூப்பிடாமலே ஆண்டு வந்தது.
எல்லாப் பாட்டுக்கும் வருகிற ஆள் அது.
தூண்டு, தாண்டு, வேண்டு…
பரணில் பூண்டைத் தரம் பிரித்தபடி
ஒவ்வொன்றாய் வாயில் போட்டுப் பார்த்தேன்.
கொண்டு கிட்டே வந்தது. குறில்.
சல்லடைக் கண்ணில் நழுவிப் போயிற்று.
தீண்டு நன்றாயிருந்தது;
தேருக்கு முன்னால் அதைப் பாடுவாயா என்றாள் ஜெகதா.

பிறகு மாண்டு.
அளவு சரி, ஓசை சரி.
போன ஐப்பசியில் சுக்கனின் குதிரை
இரண்டு மூட்டையோடு
படிக்கட்டு வயலில் சரிந்தது
அகராதிக்குத் தெரியாது.
கழுத்து மணியை அவன் கழற்றி வந்தான்.
மூட்டைகளை வியாபாரி
எடைபோட்டு வாங்கிக்கொண்டார்.

விரட்டினேன்.
ஈரக் குளம்போடு
வாசலிலேயே நின்றது அந்தச் சொல்.

இரவில் மறுபடி வளைவுக்கு ஏறி
இரண்டாம் அடியின் முதல் சொல்லை மட்டும் விட்டு
மீதியை அனுப்பினேன்.
அந்த இடத்தில் என்ன பாட, என்று கேட்டான்.

தாந்த என்றே பாடு.
இல்லை, பாடாதே.
ஒரு மணியை ஒருதரம் ஆட்டு.
தருவானா என்று
சுக்கனிடம் கேட்டுப் பார்க்கிறேன்.